இடுப்புக் கம்பி

சித்ரா கல்லூரிக்குத் திரும்பி வந்தபோது எல்லாக் குழுக்களும் நிரம்பிவிட்டிருந்தன.

அவள் ஊரான பீர்மேட்டில் அந்த ஜூலையில் மழை விடவேயில்லை. மலைப்பாதையில் மண் சரிந்து நான்கு நாள் பஸ் ஓடவில்லை. ஐந்தாம் நாள் ஒரு ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, மூன்று பஸ் மாறி, மறுபடி மலையாள எல்லைக்குள் நுழைந்து, சித்தூர் பக்கம் இருக்கும் கல்லூரிக்கு வந்து சேர்ந்தாள். துணிப்பையை விடுதியில் போட்டுவிட்டு நேராக மெக்கட்ரானிக்ஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போனால், கதவில் இறுதியாண்டுத் திட்டக் குழுக்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. அவள் பெயர் எதிலும் இல்லை.

ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் நிமி மிஸ் அவளைப் பார்த்ததும் சிரித்தார். பாவம் பார்க்கிற சிரிப்பு அது.

"ஒரு குழுதான் பாக்கி. ரெண்டு பேர் இருக்காங்க. மூணாவது ஆள் வேணும்."

"யாரு மிஸ்?"

"ஜோபி. ஜீவிதா."

அந்த இருவரும் பேச்சை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிறது என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் ஆண்டில் கோடு பார்த்து ஓடும் ரோபோ ஒன்றைச் சேர்ந்து செய்தார்கள். போட்டிக்குப் பத்து நிமிஷம் முன்னால், ஜீவிதாவிடம் சொல்லாமல் ஜோபி நிரலை மாற்றினான். ரோபோ கோட்டை விட்டு, மேசை விளிம்பைத் தாண்டி, விருந்தினர் காலடியில் விழுந்து உடைந்தது. அதைச் செய்ய ஜீவிதாவுக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. அவள் உடைந்த துண்டுகளைத் துப்பட்டாவில் பொறுக்கிக்கொண்டு போனாள். அதோடு சரி.

முதல் நாள் மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மறையூர்க்காரனான ஜோபி தமிழை மலையாளம் மாதிரியும் மலையாளத்தைத் தமிழ் மாதிரியும் பேசுவான். அவன் சித்ராவின் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னான்.

"பழம் தரம் பிரிக்கிற ரோபோ கை செய்யலாம். கேமரா வைக்கலாம். பார்க்க ஜோராட்டு இருக்கும். அவகிட்ட கேளு, சம்மதமான்னு."

ஜீவிதா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"அதையேதான் இன்னும் ரெண்டு குழு பண்றாங்கன்னு சொல்லு," என்றாள் ஜீவிதா, அவளும் சித்ராவைப் பார்த்தே.

"அப்ப நீ என்ன செய்யணும்ங்கற? நேரா சொல்லேன்," என்றாள் சித்ரா. இருவருக்கும் நடுவில் தந்திக்கம்பியாக இருப்பது அவளுக்கு அதற்குள் அலுத்துவிட்டது.

ஜீவிதா கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகினாள். "எங்க ஊட்டுல மாட்டுக்குத் தட்டு வெட்டுற மிஷின் ஒண்ணு இருக்குது. அது கைய இழுக்காத மாதிரி ஏதாச்சும் பண்ண முடிஞ்சா…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"யாரோட கைய இழுத்துச்சு?" என்று ஜோபி கேட்டான். முதல்முறையாக அவளைப் பார்த்துக் கேட்டான்.

"என்ற அப்பாவோடத," என்றாள் ஜீவிதா, அப்போதும் சித்ராவைப் பார்த்தே.

அடுத்த சனிக்கிழமை மூவரும் வேலந்தாவளம் பஸ்ஸில் போனார்கள். ஜீவிதாவின் வீடு தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் தீவனப்புல், நடுவில் ஓடு போட்ட சாளை வீடு. பின்னால் மாட்டுக் கொட்டகையில் ஒன்பது மாடுகள். கொட்டகைச் சுவரை ஒட்டி அந்த மிஷின் நின்றது.

பெரிய விஷயமொன்றும் இல்லை அது. முன்னால் நீளமான தகரத் தொட்டி. அதில் புல்லையோ சோளத்தட்டையோ பரப்பித் தள்ளினால் இரண்டு பல் உருளைகள் அதைக் கவ்வி உள்ளே இழுக்கும். உள்ளே ஒரு கனத்த சக்கரம், அதில் இரண்டு கத்தி. பக்கத்தில் ஒரு கியர் லீவர். முன்னால் தள்ளினால் உருளை இழுக்கும், நடுவில் நின்றால் சும்மா இருக்கும், பின்னால் தள்ளினால் எதிர்ப்பக்கம் சுழலும். நாற்பது வீடு இருக்கிற ஊரில் முப்பது வீட்டில் இதே மிஷின்.

ஜீவிதாவின் அப்பா மோகனசுந்தரம் இடது கையால் டீ டம்ளர்களைக் கொண்டுவந்து கொடுத்தார். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் இருந்தன. நான்கு வருஷமாகத் தீவனம் வெட்டுவது ஜீவிதாவின் அம்மா நாச்சம்மாளின் வேலை.

"கரண்ட ஆஃப் பண்ணுனா நிக்காதுங்களா அங்கிள்?" என்று ஜோபி கேட்டான்.

"ஆஃப் பண்ணத்தான் பண்ணுனா என்ற சம்சாரம். ஓடிப்போய்ப் பண்ணுனா. அந்தச் சக்கரம் அதுக்கப்புறமும் சுத்துமுங்க தம்பி. எட்டுச் சுத்தாவது சுத்தும். அது போதுமே."

அவர் அதைச் சொன்ன விதத்தில் கோபம் எதுவும் இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது ஜோபி ரோபோ கையைப் பற்றிப் பேசவேயில்லை.

ஜீவிதாவின் மாமா வீட்டில் சும்மா கிடந்த பழைய மிஷின் ஒன்று டெம்போவில் ஏறி ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. கத்திகளைக் கழற்றிவிட்டார்கள். உருளைக்கு முன்னால், புல் பரப்புக்குச் சற்று மேலே, கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் ஆறு, இரண்டு கம்பங்களுக்கு நடுவே வரிசையாகப் போகும்படி ஜோபி வைத்தான். புல் கீழேயே போய்விடும். கை வந்தால் கதிரை மறைக்கும். மறைத்த அந்த நொடியே கியர் லீவரைப் பிடித்திருக்கும் கொக்கி விடுபட்டு, வலுவான ஸ்பிரிங் ஒன்று லீவரைப் பின்னால் இழுத்துவிடும். அதோடு மோட்டாரும் நிற்கும். மோட்டார் நின்றாலும் சக்கரத்தில் மிச்சமிருக்கிற வேகம் உருளையை இப்போது எதிர்ப்பக்கம் சுற்றி, உள்ளே போனதை வெளியே தள்ளும். ஸ்பிரிங்கும் கொக்கியும் ஜீவிதாவின் வேலை. அவள் இரும்பைப் பார்த்தாலே எவ்வளவு வளையும் என்று சொல்லிவிடுவாள். கம்பி இணைப்பும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சித்ராவுக்கு.

பருத்திக் கையுறை ஒன்றின் விரல்களில் வெண்டைக்காயைச் செருகி, குச்சியில் கட்டி, வைக்கோலோடு உள்ளே விட்டார்கள். நாற்பது தடவை விட்டார்கள். நாற்பது தடவையும் நின்றது. வெண்டைக்காய் ஒன்றுகூட நசுங்கவில்லை. அக்டோபரில் நடந்த முதல் மதிப்பாய்வில் துறைத்தலைவர் கைதட்டினார். ஜோபியும் ஜீவிதாவும் அப்போதும் நேராகப் பேசிக்கொள்ளவில்லைதான்; ஆனால் "அவகிட்ட சொல்லு" என்பது நின்றுபோய், காற்றைப் பார்த்துப் பேசும் அளவுக்கு வந்திருந்தார்கள்.

அந்த வாரமே கருவியைக் கொண்டுபோய் நாச்சம்மாளின் மிஷினில் பொருத்தினார்கள். அவர் புடவைக்குமேல் முழுக்கைச் சட்டை போட்டபடி தள்ளி நின்று பார்த்தார். வயல்வேலைக்குப் போகிறவர்கள் போடுகிற, கணவரின் பழைய சட்டை.

"இனிமே பயமே இல்லீங்க ஆன்ட்டி," என்றான் ஜோபி.

"செரி சாமி. நல்லாருங்க," என்றார் நாச்சம்மாள்.

பத்து நாள் கழித்துப் போனபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாச்சம்மாள் மடமடவென்று புல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒளிக்கதிர் வரும் இரண்டு கம்பங்களையும் காணோம். கூர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அவை தொட்டிக்குக் கீழே மடக்கி, உரச்சாக்கால் சுற்றி, கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. கதிர்கள் சாக்குக்குள் ஒன்றையொன்று பார்த்தபடி, எந்தக் கையும் வரவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தன.

ஜீவிதா மோட்டாரை நிறுத்தினாள். சக்கரம் நிற்கும்வரை காத்திருந்துவிட்டுக் கத்தினாள்.

"ஏம்மா இப்பிடிப் பண்ணிப்போட்ட? மூணு மாசம்மா! அப்பாவுக்கு ஆனது உனக்கும் ஆகோணுமா?"

"என்னைய என்னடி பண்ணச் சொல்ற? ரெண்டு கை தள்ளுனா நின்னுபோவுது. மறுபடி லீவர மாட்டு, மறுபடி சுச்சப் போடு. மறுபடி நிக்குது. ஒம்பது மாடு கத்துது. பால் சொசைட்டிக்காரன் அஞ்சு மணிக்கு மேல எடுக்க மாட்டான். நான் மாட்டப் பாக்கறதா, உன்ற மிஷினப் பாக்கறதா?"

ஜோபி முகம் சிவக்க நின்றான். "ஆய்வுக்கூடத்துல நாற்பதுக்கு நாற்பது. கருவியில குற்றமில்லை. உபயோகிக்கிறதுதான் சரியில்லை."

"என்ற அம்மாவைச் சொல்றயா நீ?" ஜீவிதா அவன் பக்கம் திரும்பினாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவள் அவனிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். அவன் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டான். ஜீவிதா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சித்ரா மட்டும் கொட்டகையில் நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அம்மா முத்துப்பேச்சியின் ஞாபகம்தான் வந்தது. எஸ்டேட்டில் போன வருஷம் கொழுந்து எடுக்கிறவர்களுக்குக் கையுறை கொடுத்தார்கள். பூச்சி கடிக்காது, கை வெடிக்காது, நல்ல சாமான்தான். அம்மா ஒருநாள் மாட்டிவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டுவிட்டாள். "மாட்டுனா கொழுந்து எது முத்தல் எதுன்னு கைக்குத் தெரிய மாட்டேங்கு" என்றாள். மேற்பார்வையாளர் அம்மாவைத்தான் திட்டினார். கையுறையை யாரும் திட்டவில்லை.

"ம்மா, இந்தச் சாக்க அவுத்துட்டு நான் கொஞ்ச நேரம் வெட்டட்டா?" என்று கேட்டாள்.

நாச்சம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குப் பழக்கமில்ல கண்ணு."

"நீங்க பக்கத்துலயே நில்லுங்க. சொல்லித் தாங்க."

தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு அவள் வெட்டத் தொடங்கினாள். ஆய்வுக்கூடத்தில் அவர்கள் விட்டது காய்ந்த, படிந்த வைக்கோல். இங்கே தீவனப்புல் ஆள் உயரம், பச்சை. தொட்டியில் போட்டதும் அதன் தோகை வில்லாக நிமிர்ந்துகொண்டது. நிமிர்ந்த ஒவ்வொரு தோகையும் கதிரை மறைத்தது. மிஷின் நின்றது. லீவரை மாட்டி, சுவிட்சைப் போட்டாள். இரண்டு கைப்பிடி போனது. நின்றது. சுவரில் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தோரு கோடு. அரைக் கட்டுப் புல்கூடத் தீரவில்லை. தோள் விட்டுப்போனது. கடைசிப் பத்துத் தடவையில் அவளுக்கே அந்தக் கம்பங்களைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

"இப்பத் தெரியுதா?" என்றார் நாச்சம்மாள்.

"தெரியுதும்மா. உங்க மேல தப்பில்ல."

நாச்சம்மாளின் முகம் இளகியது. "தள்ளு அக்கட்ட, மாடு கத்துது" என்று அவளை விலக்கிவிட்டு, சாக்கை மறுபடி கட்டாமலே கம்பங்களைக் கீழே மடக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

சித்ரா பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாள். எந்த யோசனையும் இல்லாமல்தான் முதலில் பார்த்தாள். நாச்சம்மாள் புல்லைத் தொட்டியில் போடும்போது நேராக நின்றார். தள்ளும்போதும் நேராகத்தான். ஆனால் புல் நடுவில் சிக்கிக்கொண்டால் மட்டும் கையை எட்டி உள்ளே விட்டார். அப்போது அவர் உடம்பு முன்னால் சாய்ந்தது. இடுப்புக்குச் சற்று மேலே தொட்டியின் விளிம்பில் இடித்தது. சட்டையின் அந்த இடத்தில் ஒரு பழுப்புத் தடம்கூட விழுந்திருந்தது. துரு.

சித்ரா எழுந்து போய்த் தன் சுடிதாரைக் குனிந்து பார்த்தாள். அவளுக்கும் அதே இடத்தில் துரு ஒட்டியிருந்தது.

"ம்மா, கைய உள்ள விடாமச் சாய முடியுமா? இல்ல, சாயாமக் கைய உள்ள விட முடியுமா? சும்மா செஞ்சு பாருங்க. மோட்டார நிறுத்திட்டு."

நாச்சம்மாளுக்கு இது என்ன கேள்வி என்று தோன்றியிருக்க வேண்டும். ஆனாலும் செய்து பார்த்தார். நேராக நின்று கையை நீட்டினார். விரல் நுனிக்கும் உருளைக்கும் நடுவே இன்னும் ஒரு சாண் இருந்தது. "எட்ட மாட்டீங்குது கண்ணு. சாஞ்சாத்தான் எட்டும்."

சித்ரா வீட்டுக்கு ஓடி ஜீவிதாவின் கதவைத் தட்டினாள். "ஏட்டி, வெளிய வா! கையத் தேட வேண்டாம். புல்லுக்குள்ள கையத் தேடித்தான் நாம ஏமாந்தோம். ஆளப் பாத்தாப் போதும்!"

ஜீவிதா வெளியே வந்து, கேட்டு, மிஷினுக்கு முன்னால் போய் நின்று தானே சாய்ந்து பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். ஜோபி பஸ்ஸில் பாதி வழி போயிருந்தான்.

"ஜோபி, எறங்கித் திரும்பி வா," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "வந்தா நல்லாருக்கும்," என்றாள்.

அவன் வந்தான்.

அன்றைக்கு மாலை மூவரும் கொட்டகைச் சுவரில் கரியால் வரைந்தது மிக எளிமையான ஒன்று. தொட்டியின் விளிம்புக்கு முன்னால், இடுப்பு உயரத்தில், குறுக்கே ஒரு இரும்புக் கம்பி. ஆள் சாய்ந்தால் கம்பி உள்ளே போகும். கம்பி உள்ளே போனால் கொக்கி நேராக விடுபடும். அதற்கு மின்சாரமோ நிரலோ தேவையில்லை. ஸ்பிரிங் லீவரை இழுக்கும், உருளை எதிர்ப்பக்கம் சுழலும். கம்பியின் இரு முனையிலும் இருக்கும் சுவிட்சுகள் மோட்டாரை நிறுத்தும். புல் எவ்வளவு நிமிர்ந்தாலும் கம்பிக்குத் தெரியாது. ஒன்றும் சிக்காதவரை நாச்சம்மாளுக்கும் கம்பி இருப்பது தெரியாது.

"இதையும் கட்டிப்போட்டாங்கன்னா?" என்றான் ஜோபி. கேட்டுவிட்டு, நாச்சம்மாள் கேட்டிருப்பாரோ என்று திரும்பிப் பார்த்தான்.

"கட்டத்தான் கட்டுவாங்க. என்ற அம்மா இல்லீன்னாலும் வேற யாராச்சும்," என்றாள் ஜீவிதா. கரியைக் கையில் உருட்டியபடி யோசித்தாள். "மோட்டார் போடறதுக்கு முன்னால ஒருக்கா இடுப்பால கம்பிய அமுக்கோணும்னு வெச்சா? அமுக்கிட்டு விட்டாத்தான் மோட்டாரே எடுக்கும். கட்டிப்போட்டா எப்பிடி அமுக்க முடியும்?"

ஜோபி அவளையே பார்த்தான். "எடோ, அது நல்ல யோசனை. நான் எழுதிடறேன். பத்து செகண்டுக்குள்ள அமுக்கி விடணும்னு வைக்கட்டுமா?" பிறகு இன்னொன்றும் கேட்டான். "நிரல்ல என்ன மாத்தினாலும் முதல்ல உன்கிட்ட காட்டறேன். சரியா?"

"காட்டு," என்றாள் ஜீவிதா. அவ்வளவுதான் அந்தச் சமாதானம். சித்ராவுக்கு மாட்டுக் கொட்டகை வாசனைகூட அப்போது நன்றாக இருந்தது.

கம்பி சரியாக வர இரண்டு மாதம் ஆனது. முதல் கம்பி ரொம்ப இறுக்கம். நாச்சம்மாள் முழு பலத்தோடு மோதினால்தான் விடுபட்டது. இரண்டாவது ரொம்ப இளக்கம். புல்கட்டு உரசினாலே நின்றது. மூன்றாவதில் ஜீவிதா ஸ்பிரிங்கை மாற்றி, கம்பிக்கு மேலே பழைய சைக்கிள் டயரைச் சுற்றினாள், இடுப்பு வலிக்காமல் இருக்க. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் அதைப் பொருத்தினார்கள். விடுமுறையில் சித்ரா பீர்மேட்டுக்குப் போகும்போது மனதில் ஒரே பயம்தான்: திரும்பி வந்தால் உரச்சாக்கு கட்டியிருக்குமோ?

கட்டியிருக்கவில்லை. ஆனால் நாச்சம்மாள் எதுவும் சொல்லவுமில்லை. கேட்டால், "இருக்குது, ஓடுது" என்பார்.

பிப்ரவரியில் ஒரு நாள் மூன்றரை மணிக்குச் சித்ரா ஆய்வுக்கூடத்தில் கம்பி இணைப்புகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. நாச்சம்மாள். ஜீவிதா பக்கத்து அறையில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு…" என்றார். அப்புறம் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"என்னம்மா? என்ன ஆச்சு? சொல்லுங்க!"

"ஒண்ணுமில்ல. ஒண்ணும் ஆவல கண்ணு. அதச் சொல்லத்தான் கூப்டேன்."

சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தாராம். நல்ல முற்றிய தட்டு. சட்டையின் கைப்பட்டன் ஒரு தட்டின் கணுவில் மாட்டிக்கொண்டது. உருளை தட்டை இழுக்க, தட்டு சட்டையை இழுக்க, சட்டை கையை இழுத்தது. பின்னால் இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. வீட்டில் யாரும் இல்லை. மோகனசுந்தரம் சொசைட்டிக்குப் போயிருந்தார்.

"அது இழுக்க இழுக்க நான் முன்னால போறேன். அவ்வளவுதான், அவருக்கு ஆன மாதிரியே ஆவப்போவுதுன்னு கண்ண மூடிட்டேன். வயித்துல அந்தக் கம்பி இடிச்சது பாரு. டக்குனு ஒரு சத்தம். மிஷினு அப்பிடியே திரும்பிச் சுத்தி, தட்டு, சட்டை எல்லாத்தயும் என்ற மேலயே துப்பிப்போட்டுது. சட்டைக் கை மட்டும் கிழிஞ்சுது கண்ணு. நான் அப்பிடியே தரையில உக்காந்துட்டேன். நெம்ப நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம்தான் உன்னையக் கூப்பிடோணும்னு தோணுச்சு."

சித்ராவின் கையில் பற்றவைக்கும் கோல் புகைந்துகொண்டிருந்தது. அதை அணைக்க வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை. "கை நல்லாருக்காம்மா? அஞ்சு வெரலும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"இருக்குது, இருக்குது. அஞ்சும் இருக்குது. புள்ளைககிட்டயும் சொல்லிப்போடு."

தேர்வு முடிந்து வெளியே வந்த ஜீவிதாவிடம் வராந்தாவில் வைத்துச் சொன்னாள். ஜீவிதா விடைத்தாள் எழுதிய மை காயாத கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து அழுதாள். ஜோபி என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டியபடியே நின்றான். மூவரும் அடுத்த பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போனார்கள். நாச்சம்மாள் அதற்குள் பால் கறந்து முடித்து, வேறொரு சட்டை போட்டுக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும், "எதுக்கு இப்ப பஸ்ஸுக்குக் காசப் போட்டு வந்தீங்க?" என்று திட்டிக்கொண்டே எல்லோருக்கும் உப்புமா கிண்டினார்.

மார்ச்சில் இறுதித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளரின் பெயர் ஜோஸ். உயரமானவர், அதிகம் சிரிக்காதவர். ஆய்வுக்கூட மிஷினில் பொருத்தியிருந்த கம்பியைச் சுற்றி வந்து பார்த்தார். முந்தைய மேசையில்தான் பழம் பிரிக்கும் ரோபோ கை நின்று எல்லோரையும் கவர்ந்திருந்தது.

"ஒரு கம்பி, ஒரு ஸ்பிரிங்," என்றார் மலையாளத்தில். "இதில் மெக்கட்ரானிக்ஸ் எங்கே?"

ஜோபிதான் பதில் சொல்வதாகப் பேசி வைத்திருந்தார்கள். அவனுக்குத்தான் மேடைப்பேச்சு வரும். ஆனால் அவன் சித்ராவைப் பார்த்தான். ஜீவிதாவும் அவளைத்தான் பார்த்தாள்.

சித்ராவுக்கு மலையாளம் பாதியும் ஆங்கிலம் பாதியுமாகத்தான் வந்தது. முதலில் செய்த ஒளிக்கதிர்க் கருவியைப் பற்றிச் சொன்னாள். ஆய்வுக்கூடத்தில் நாற்பதுக்கு நாற்பது வாங்கிய அதை ஒரு அம்மா சாக்கால் கட்டிவைத்ததைச் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தோரு தடவை நின்றதைச் சொன்னாள். "எங்கே மின்சாரம் வேண்டும், எங்கே வெறும் இரும்பு போதும் என்று முடிவு செய்ததுதான் சார் இதில் மெக்கட்ரானிக்ஸ். கையைக் காப்பது இரும்பு. மின்சாரம் போனாலும் அது வேலை செய்யும். அந்த இரும்பை யாரும் கட்டிப்போடாமல் பார்த்துக்கொள்வது நிரல்."

ஜோஸ் சார் மிஷின் முன்னால் போய் நின்றார். கத்தி இல்லாத மிஷின்தான். ஆனாலும் நிமி மிஸ் ஒரு அடி முன்னால் வந்தார். ஜோஸ் சார் இடுப்பால் கம்பியை அமுக்கி விட்டு, லீவரை மாட்டி, மோட்டாரைப் போட்டார். உருளை சுழன்றது. குச்சியில் கட்டிய வெண்டைக்காய்க் கையுறையைக் கேட்டு வாங்காமல், தன் பேனாவை நுனிவிரலில் பிடித்து உருளையைத் தொடச் சாய்ந்தார். டக். உருளை திரும்பிச் சுழன்றது. மறுபடி போட்டு வேகமாகச் சாய்ந்தார். டக். மூன்றாவது தடவை அவர் பக்கவாட்டில் போய் நின்று, தொட்டியின் ஓரத்திலிருந்து கையை நீட்டினார். பேனா நுனி உருளையைத் தொட்டது. கம்பி அசையவில்லை.

ஜீவிதாவின் முகம் வெளுத்தது.

"இதற்கு என்ன சொல்கிறாய்?"

சமாளித்துப் பேசலாம் என்று ஒரு கணம் சித்ராவுக்குத் தோன்றியது. "அது எங்க தப்பு சார்," என்றாள். "நாங்க பொருத்தின வீட்டில் அந்தப் பக்கம் சுவர் இருக்கிறது. அதனால் யோசிக்கவேயில்லை. சுவர் இல்லாத இடத்தில் ரெண்டு பக்கமும் தகடு அடிக்கணும். முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கணும்."

"எழுதி வை," என்றார் ஜோஸ் சார், ஜோபியைப் பார்த்து. அவன் அப்போதே எழுதினான். கிளம்பும்போது அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சாக்கால் கட்டியதை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை சார். தோல்வி என்று விட்டுவிட்டோம்."

"அதை முதல் அத்தியாயமாகப் போடுங்கள்."

சிறந்த திட்டத்துக்கான பரிசு ரோபோ கைக்குத்தான் போனது. இவர்களுக்கு மதிப்பெண்ணில் இரண்டாம் இடம். ஜோபி இரண்டு நாள் அதைப் பற்றி முணுமுணுத்தான்.

கடைசித் தேர்வு முடிந்த வாரத்தில் பால் சொசைட்டியின் செயலாளர் ஜீவிதாவின் வீட்டுக்கு வந்தார். கிழிந்த சட்டையின் கதை கொட்டகை கொட்டகையாகப் போயிருந்தது. நாச்சம்மாளே சொசைட்டி வாசலில் நின்று அதைச் சொல்லியிருந்தார். உறுப்பினர்களில் ஆறு பேர் அந்தக் கம்பி வேண்டும் என்கிறார்களாம். இரும்புக்கும் சாமான்களுக்கும் ஆவதைச் சொசைட்டி தருமாம். புள்ளைகள் செய்து தருமா?

சித்ரா அன்று மதியம் பீர்மேட்டுக்குக் கிளம்புவதாக இருந்தாள். அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, இன்னும் ஒரு மாசம் இங்கன இருக்கட்டா?"

"வேலை கெடச்சுட்டாட்டி?"

"வேலைன்னு சொல்ல முடியாது. ஆனா ஆறு வீட்டுல நம்மளத் தேடுதாக."

"தேடுதாகன்னா போ. சாப்பாட்ட மட்டும் நேரத்துக்குத் தின்னு," என்றாள் முத்துப்பேச்சி.

ஆறு பேர் பட்டியலில் முதல் பெயர் காளியாத்தாள். கணவர் இல்லை, நான்கு மாடு. அவருடைய மிஷின் வேப்பமரத்தடியில் நான்கு பக்கமும் திறந்து நின்றது. பக்கத் தகட்டை ஜோபி முன்பே வெட்டிக்கொண்டு வந்திருந்தான். ஜீவிதா கம்பியைத் தூக்கித் தொட்டி முன்னால் வைத்துப் பார்த்தாள். காளியாத்தாள் வந்து நின்றார். குள்ளமானவர். கம்பி அவர் நெஞ்சுக்கு நேராக வந்தது.

"எனக்கு இது ஆவாதாட்ட இருக்குதே," என்றார் அவர், கவலையோடு.

"ஆவும்ங்க. உங்களுக்குத் தக்கன பண்ணித்தான் தருவோம்," என்றாள் ஜீவிதா. கம்பியைக் கீழே வைத்துவிட்டு ஜோபியிடம், "ஏப்பா, மேல கீழ நகர்த்தி மாட்டற மாதிரி ஓட்டை போட்டிருந்தா ஆறு வீட்டுக்கும் ஒரே அளவு போதுமில்ல?" என்றாள். "அப்ப சுவிட்சும் கூடவே நகரணும்," என்றான் அவன். இருவரும் அங்கேயே மண்ணில் குந்தி உட்கார்ந்து வாதாடத் தொடங்கினார்கள்.

"ம்மா, நீங்க புல்லத் தள்ளுத மாதிரி ஒருதடவ நில்லுங்க," என்று சித்ரா காளியாத்தாளை மிஷின் முன்னால் நிறுத்தினாள். "இப்ப சிக்கிருச்சுன்னு வைங்க. எப்பிடிச் சாய்வீங்க?"

காளியாத்தாள் சாய்ந்து காட்டினார். சித்ரா முழங்காலிட்டு, அளவு நாடாவைத் தரையில் ஊன்றி, அவர் உடம்பு தொட்டியைத் தொடும் இடம்வரை இழுத்தாள்.

"எண்பத்து மூணு சென்டிமீட்டர்," என்றாள். ஜோபி எழுதிக்கொண்டான்.